மோரிப்பில் எடுத்த வெற்றிலை

பிரிக்பீல்ட்ஸ்,
28-3-1934

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பக்கிரிசாமி எழுதுவது. இங்கே நான், இராஜம்மா, கலா மூவரும் சுகம். நீயும் அத்தானும் பாலனும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் நாலு பக்கம் எழுதித் தள்ளியிருப்பாய்.

இந்த வருஷ வெயில் பொல்லாததாக இருக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸின் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் உட்கார முடியவில்லை. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு. நாம் எல்லோரும் மோரிப் கடற்கரைக்குப் போய் ஒரு பகல் காற்று வாங்கிவிட்டு வந்தால் என்ன? அப்பா தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்தபோது நாம் கிளிஞ்சல் பொறுக்கின இடம். தண்ணீர் இறங்கின நேரத்தில் நான் சேற்றில் இடுப்புவரை புதைந்து அலற, நீ என் குடுமியைப் பிடித்து இழுத்துப் போட்டாயே, அந்த இடத்தைக் கலாவுக்குக் காட்ட வேண்டும். அன்று போன முடி இன்னும் முளைக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. என் ஆபீசில் ராதாகிருஷ்ணன் என்று ஒரு சிநேகிதர் இருக்கிறார். செந்தூலில் வீடு. அவரும் அவர் தாயார் தங்கமணி அம்மாளும் கடல் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த அம்மாளுக்கு முட்டிவலி, பஸ்ஸில் ஏற முடியாது. பாலன் தன் வாடகைக் காரில் அவர்கள் இருவரையும் கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டால் உபகாரமாக இருக்கும். நாம் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்.

சாப்பாடு உன் பொறுப்பு. புளிச்சோறும் நெத்திலி வறுவலும் நீ செய்தால்தான் வாயில் வைக்க முடிகிறது. இதை இராஜம்மா படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வெற்றிலை பாக்கு நான் கொண்டுவருகிறேன். அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

தம்பி
பக்கிரிசாமி

கிள்ளான்,
31-3-1934

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "உன் தம்பி காரணமில்லாம ரயிலு ஏற மாட்டானே, இலவச பாஸா இருந்தாலும் ஏற மாட்டானே" என்றார். காரணம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கலாவுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. அவள் பிறந்த அன்று பாலனை மடியில் வைத்துக்கொண்டு, "மருமகனே, உனக்குப் பொண்ணு பொறந்துட்டாடா" என்று சொன்னவன் நீதான். அக்காள் மகனுக்குத் தம்பி மகள் என்பது நாம் புதிதாகப் பேசி முடிக்க வேண்டிய விஷயமா? ஆனாலும் நல்ல காரியத்தை நல்ல இடத்தில் உட்கார்ந்து பேசுவது எனக்கும் பிடிக்கும். மோரிப்பை நீ நினைத்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அத்தான் வர மாட்டார். துறைமுகத்தில் அன்றைக்குக் கப்பல் வருகிறது. பாலனிடம் சொன்னேன். காரை இப்போதே கழுவ ஆரம்பித்துவிட்டான். உன் சிநேகிதருக்காகக் கழுவுகிறான் என்று நினைக்காதே.

கலாவை அந்தப் பச்சைச் சேலையில் கூட்டி வா. மல்லிகைப்பூ நான் பாசாரில் வாங்கி வருகிறேன். தலையை நானே வாரி விடுவேன், இராஜம்மா கோபித்துக்கொண்டாலும் சரி.

அக்காள்
பவுனம்மாள்

கிள்ளான்,
10-4-1934

பக்கிரிசாமிக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை. அதனால் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனில் இறங்கியதும், ரயிலுக்கு நேரமாகிறது என்று நீ முன்னால் ஓடினாய். எதற்காக ஓடினாய் என்று இப்போது தெரிகிறது. உன் பெண்டாட்டி பின்தங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க நல்ல மனசோட வெத்தலைய எடுத்துக்கிட்டீங்க. அக்கா என்ன சொல்லுமோன்னு இவரு நாலு நாளா சரியா சாப்பிடலை" என்றாள். "எந்த வெத்தலை?" என்று கேட்டேன். "மத்தியானம் எடுத்தீங்களே அண்ணி, அதான். கலாவுக்கும் செந்தூல்காரருக்கும் முடிவாயிடுச்சில்ல" என்றாள். அதற்குள் ரயில் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். காலித் தூக்குச்சட்டிகளைக் கையில் மாட்டிக்கொண்டு நான் பிளாட்பாரத்தில் நின்றேன். பாலன் வந்து வாங்கிக்கொள்ளும்வரை நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

நீ செய்த காரியத்தை உனக்கே எழுதிக் காட்டுகிறேன், உட்கார்ந்து படி.

பெண்ணை வெளியே கொடுக்க நினைக்கிறவன் உரிமைக்காரன் வீட்டுப் படியேறி வர வேண்டும். அவன் தகப்பன் முன்னாலும் தாய் முன்னாலும் அவன் முன்னாலும் தாம்பாளத்தை வைத்து, "பெண்ணை வேறு இடத்தில் கொடுக்கப் போகிறேன், உங்கள் உரிமையை விட்டுக் கொடுங்கள்" என்று வாய்திறந்து கேட்க வேண்டும். வெற்றிலையை எடுத்தால் சம்மதம், எடுக்காவிட்டால் இல்லை. நம் ஜனத்தில் குழந்தைக்கும் இது தெரியும். உனக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் என்னை முப்பது மைல் தள்ளிக் கூட்டிப் போனாய்.

நீ என்ன செய்தாய்? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, சவுக்கு மரத்தடியில் நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைத்தாய். "எடுத்துக்கக்கா" என்றாய். சாப்பிட்டவள் வெற்றிலை எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? பாக்கு கொஞ்சம் பழையது என்றுகூடச் சொன்னேன். நீ சிரித்தாய். செந்தூல் அம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாப்பாட்டுக்காகக் கும்பிடுகிறாள் என்று நினைத்து, "இருக்கட்டும் அம்மா, என்ன பெரிசா செஞ்சுட்டேன்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

அந்த மாப்பிள்ளைக்கு இரண்டாம் தரம் சோறு வைத்தவள் நான். கலாவுக்குத் தலை வாரிப் பூ வைத்து, "அங்க போயி நில்லுடி, காத்துல நல்லா இருக்கும்" என்று அவர்கள் கண்ணுக்கு நேரே அனுப்பினவள் நான். என் மகன் உட்கார வேண்டிய இடத்துக்கு வந்தவனை என் மகன் கையாலேயே கார் ஓட்டிக் கூட்டி வர வைத்தாய். உனக்குக் கொஞ்சமாவது நெஞ்சு உறுத்தவில்லையா?

நான் எடுத்தது சாப்பாட்டு வெற்றிலை. உரிமை என்னிடம்தான் இருக்கிறது.

பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்,
13-4-1934

அக்காவுக்கு,

வருஷப் பிறப்பும் அதுவுமாக உன் கடிதம் வந்து சேர்ந்தது. பாயசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அப்புறம் பாயசம் இறங்கவில்லை.

நீ நாலு பக்கம் திட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன். இப்போது நான் சொல்வதையும் கேள். தாம்பாளத்தில் வெறும் வெற்றிலையா இருந்தது? தேங்காய் இருந்தது, மஞ்சள் இருந்தது, பூ இருந்தது. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவன் மஞ்சளும் தேங்காயும் தூக்கிக்கொண்டு போவானா? நீ பார்த்துவிட்டுத்தான் எடுத்தாய் என்று நான் நினைத்ததில் என்ன தப்பு?

சரி, நேராகவே எழுதுகிறேன். உன் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நீ எடுத்திருப்பாயா? அத்தான் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். நீ அழுது ஊரைக் கூட்டியிருப்பாய். அப்புறம் நான் என் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்ய முடியுமா? ராதாகிருஷ்ணன் சர்க்கார் உத்தியோகம். பென்ஷன் உண்டு. குவார்ட்டர்ஸ் உண்டு. துரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை குலுக்குகிறார். பாலனை நான் குறைவாகச் சொல்லவில்லை. அவன் தங்கமான பிள்ளை. ஆனால் இன்றைக்குக் கிள்ளான், நாளைக்குக் கோலசிலாங்கூர் என்று ஊர் ஊராய் ஓடுகிற பிழைப்பு. ரோட்டில் ஒரு லோரி வந்து இடித்தால் என் பெண்ணின் கதி என்ன? பெற்றவன் இதையெல்லாம் நினைக்கக் கூடாதா?

உரிமை, உரிமை என்கிறாய். பதினேழு வருஷத்தில் ஒரு தரமாவது வந்து, "பக்கிரி, பெண்ணைக் கொடு" என்று நீ கேட்டதுண்டா? பெட்டியில் வைத்துப் பூட்டின சாமான் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாய். பாலனும் வாய் திறந்ததில்லை. நான் மட்டும் எல்லோர் மனசிலும் புகுந்து பார்க்க வேண்டுமா?

ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து முன்னால் நின்று நடத்த வேண்டும். ஊர் சிரிக்கும்படி செய்யாதே.

பக்கிரிசாமி

கிள்ளான்,
17-4-1934

பக்கிரிசாமிக்கு,

தேங்காய் இருந்ததாம். தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தேங்காயைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமாம். எழுதும்போது உனக்கே வெட்கமாக இல்லையா?

"கேட்டிருந்தால் நீ எடுத்திருப்பாயா" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி போதும். எடுக்க மாட்டேன் என்று தெரிந்தே எடுக்க வைத்திருக்கிறாய். வேறு யாராவது ஒருத்தி வீட்டில் இப்படி நடந்தால் நீதான் முதல் ஆளாகப் போய்ப் பஞ்சாயத்துப் பேசுவாய்.

நான் வந்து கேட்கவில்லை என்பது குற்றமா? உன்னிடம் என்ன கேட்பது? நீ என் கூடப் பிறந்தவன். வெளி ஆட்களிடம்தான் போய்ப் பெண் கேட்பார்கள். உன்னிடமும் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால், தட்டு வரிசையோடு வந்திருப்பேன்.

அத்தான் உன்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "கப்பல் வந்த நாளாப் பாத்துத்தான் பிளான் போட்டிருக்கான்" என்று மட்டும் சொன்னார். பாலனிடம் நான் ஆரம்பித்தால், "விடும்மா, அது முடிஞ்சு போச்சு" என்று எழுந்து வெளியே போய்விடுகிறான். நேற்று அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் மல்லிகைச் சரம் ஒரு துண்டு இருந்தது. காய்ந்து பழுப்பாகிக் கிடந்தது. கலாவின் தலையில் நான் வைத்த பூவிலிருந்து அறுந்து விழுந்தது. துவைக்காமல் திரும்ப மாட்டிவிட்டேன். பிள்ளை வாய் திறக்கவில்லை என்றாயே, இதை என்ன சொல்கிறாய்?

என் வீட்டுக்கு வா. அத்தான் முன்னால், பாலன் முன்னால் தாம்பாளத்தை வைத்துக் கேள். கலாவையும் கூட்டி வா. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று அவளைத் தனியாகக் கேட்க வேண்டும். வராவிட்டால் நான் செந்தூலுக்குப் போவேன். போனால் எதையும் மறைக்க மாட்டேன்.

பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸ்,
26-4-1934

அக்காவுக்கு,

சொன்னபடியே செய்துவிட்டாய். உனக்குத் திருப்தியா?

பிரிக்பீல்ட்ஸைத் தாண்டித்தான் செந்தூலுக்குப் போக வேண்டும். என் வீட்டு வாசல் வழியாகப் போய், என் வீட்டுப் படியை மிதிக்காமல், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல், முன்பின் தெரியாத வீட்டில் போய் என் மானத்தை வாங்கியிருக்கிறாய். கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது? மறுநாள் ஆபீசில் ராதாகிருஷ்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அம்மா உங்கள வந்து பாக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

போனேன். அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அந்தக் கார் ஓட்டின தம்பி உங்க சொந்த அக்கா மகனா? மொறை மாப்பிள்ளையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னாள். உன்னிடமும் இதைச் சொல்லவில்லையாம், சொல்ல வாய் வரவில்லையாம். திரும்பும்போது காரில் அவள் பாலனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். நம் குடும்பத்துக்குப் பழக்கமான டிரைவர் என்று நினைத்துக்கொண்டு, "ஏந்தம்பி, உனக்குத் தெரிஞ்ச வீடுதானே, பொண்ணு கொணம் எப்படிலா?" என்று கேட்டிருக்கிறாள். அவன் ரோட்டைப் பார்த்தே கொஞ்ச தூரம் ஓட்டினானாம். அப்புறம், "ரொம்ப நல்ல பொண்ணும்மா. கண்ண மூடிக்கிட்டு எடுங்க. உங்கள நல்லாப் பாத்துக்குவா" என்றானாம்.

"அந்தப் பிள்ளைகிட்டப் போய் என்னக் கேக்க வச்சுட்டீங்களே" என்று அவள் என்னைக் கேட்டாள். அவன் வாயால் சம்மதம் என்று சொல்லாமல் இந்தப் பேச்சை மேலே எடுக்க மாட்டாளாம்.

அக்கா, நான் கெட்டவன் இல்லை. நல்ல இடம் கை நழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் செய்தேன். நீயும் செந்தூலுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். இரண்டு பேர் கோபத்தில் என் பெண் நடுவில் நிற்கிறாள். கலாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது என்று இராஜம்மா சொல்கிறாள். நம்பாவிட்டால் நீயே கேட்டுக்கொள்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கலாவோடு வருகிறேன். தாம்பாளமும் கொண்டுவருகிறேன். அத்தானை வீட்டில் இருக்கச் சொல்.

பக்கிரிசாமி

பிரிக்பீல்ட்ஸ்,
8-5-1934

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். எல்லோரும் சுகம். இப்போதுதான் எனக்கு மூச்சு விட முடிகிறது.

என்ன இருந்தாலும் அக்கா அக்காதான். உன் வீட்டு மீன் குழம்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. அத்தான் இவ்வளவு அமைதியாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலனைத்தான் சொல்ல வேண்டும். தாம்பாளத்தை வைத்து நான் வாய் திறக்கக் கூட இல்லை, "எடுத்துக்கிட்டேன் மாமா" என்று எடுத்துக்கொண்டானே. எப்படிப்பட்ட பிள்ளை. நான்தான் வீணாகப் பயந்துகொண்டு என்னென்னவோ செய்துவிட்டேன். முன்னாலேயே வந்து கேட்டிருக்கலாம்.

செந்தூலுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளுக்கும் திருப்தி. ஆவணி ஏழாம் தேதி முகூர்த்தம் வைத்திருக்கிறோம்.

கல்யாணத்தன்று பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போகக் கார் வேண்டும். இங்கே ஒரு சீனரிடம் விசாரித்தேன். அப்புறம் யோசித்தேன், நம் பாலன் இருக்கும்போது வெளி ஆள் எதற்கு? காரைப் பூவால் ஜோடித்துவிடலாம். அவன் ஓட்டினால் பார்க்கிறவர்களுக்கும் நம் குடும்பத்தில் மனஸ்தாபம் ஒன்றுமில்லை என்று தெரியும். நீ கலாவோடு பின்னால் உட்கார்ந்துகொள். அத்தை உட்கார வேண்டிய இடம் அது. பாலனிடம் ஒரு வார்த்தை சொல்லி வை.

தம்பி
பக்கிரிசாமி

கிள்ளான்,
11-5-1934

பக்கிரிசாமிக்கு,

நீ இன்னும் ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை.

பாலன் எடுத்துக்கொண்டான், அதோடு எல்லாம் தீர்ந்தது என்று நீ மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாய். நான் ஏன் சம்மதித்தேன் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. சமையல்கட்டில் கலாவை என் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "அவங்கள எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை" என்றாள். "பாலன் அத்தான் எங்கிட்ட ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லையே. சொல்லியிருந்தா நான் வேற மாதிரி நெனைச்சிருப்பேனோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். பின்கட்டுக் கதவுப் பக்கம் கைகழுவப் போன பாலன் அங்கேயே நின்றுவிட்டான். அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம்தான் நீ தாம்பாளத்தை வைத்தாய். அவன் எடுத்தது அந்தப் பெண்ணுக்காக. உன் முகத்துக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு.

அவன் வெற்றிலை போடுகிறவன் இல்லை. நீ அதைக் கூடக் கவனிக்கவில்லை. சுண்ணாம்பு தடவாமல் பாக்கு வைக்காமல் பச்சை இலையை அப்படியே வாயில் போட்டு மென்று முழுங்கினான். நீ அப்போது அத்தானிடம் ரயில்வேயில் வரப்போகிற சம்பள உயர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, பக்கிரி. அது ஆறாது.

இப்போது கார் கேட்கிறாய். மனஸ்தாபம் இல்லை என்று ஊருக்குக் காட்ட என் மகன் ஓட்ட வேண்டும். உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவனிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஒளித்து வைத்துக் காரியம் செய்வது உன் பழக்கம், என் பழக்கம் இல்லை. அதனால் படித்துக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஓட்றேம்மா. வேற யாரோ ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு நானே ஓட்றேன்" என்றான். நான் தடுக்கவில்லை. அவன் இஷ்டம்.

கார் வரும். முதல் நாளே வந்துவிடும். பூ ஜோடிக்க உன் ஆட்களை அனுப்ப வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் பின்னால் நான் உட்கார மாட்டேன். அங்கே இராஜம்மா உட்காரட்டும், நீ உட்கார், உன் ஆபீஸ் துரையைக் கூட்டி வந்து உட்கார வைத்தாலும் சரி. நான் முன்னால் என் மகன் பக்கத்தில் உட்காருவேன். வீட்டிலிருந்து கோயில்வரை அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டுவான், நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

பவுனம்மாள்